திருடிய அபூர்வ ஸ்டாம்பை நிஜத்தில் விற்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு படத்தைப் பற்றி. காசிமேட்டு வீட்டில் ராத்திரி உட்கார்ந்து, ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிற பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். பணக்காரச் சேகரிப்பாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். ஆல்பத்தில் மூன்று ஸ்டாம்பைக் காணோம். எடுத்தவன் அவற்றைத் தேநீர்க் கோப்பையில் ஊறவைத்து உரிக்கிறான், சாதாரண ஸ்டாம்புகளுக்கு அடியில் வைத்து ஒட்டித் தன் பெயருக்கே தபாலில் அனுப்பிக்கொள்கிறான், கடைசியில் ஒரு வயதான வியாபாரி பெட்டி நிறையப் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். "இதெல்லாம் நடக்குமா? துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவின் ஆல்பம் ஒன்று பரணில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கேள்வி புரிந்தது. ஒரு ஸ்டாம்பின் விலை அதில் எங்கே இருக்கிறது, அது கை மாறினால் எப்படித் தெரியும் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது.

நான் அஞ்சல் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் பதினோரு வருடம் ஸ்டாம்பு சேகரிப்பவர்களுக்கான கவுன்ட்டரில், சென்னை ராஜாஜி சாலையில் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1884இல் கட்டி முடித்த அந்தச் செங்கல் சிவப்புத் தலைமை அஞ்சலகக் கட்டடத்துக்குள். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. சேகரிக்க ஆரம்பித்தது ஏழாம் வகுப்பில். அப்போது லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்கள் நிறைய. சாயங்காலம் குப்பைக்கூடையைக் கொட்டும்போது வெளிநாட்டு உறைகளும் விழும். பையன்கள் நாங்கள் வாசலில் காத்திருந்து பொறுக்குவோம். உங்கள் தாத்தாவின் ஆல்பமும் அநேகமாக அப்படித்தான் நிறைந்திருக்கும். கப்பல்காரர்கள் கொடுத்ததும் இருக்கலாம்.

முதலில் விலை. ஆம், காகிதத் துண்டுக்கு அவ்வளவு விலை உண்டு, ஆனால் மிகச் சிலவற்றுக்குத்தான். பழையது என்றாலே விலை என்று நினைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தவர்களை எண்ணி மாளாது. உலகின் முதல் ஒட்டும் ஸ்டாம்பான பென்னி பிளாக் 1840 மே மாதம் வந்தது. ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல் அச்சடித்தார்கள். இன்றும் மாதச் சம்பளக்காரர் ஆசைப்பட்டால் ஒன்று வாங்கிவிடலாம். அதற்குப் பதினாறு வருடம் இளையதான பிரிட்டிஷ் கயானாவின் 1 சென்ட் மஜந்தா உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1873இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுக் காகிதங்களுக்கு இடையில் கண்டெடுத்தது அது. 2014இல் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது, 2021இல் 83 லட்சத்துக்கு. மூலை வெட்டுப்பட்டு, அழுக்கேறி, பார்க்கவே சுமாராக இருக்கும். அதன் மேல் அந்த ஊர் அஞ்சலக எழுத்தர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பேனாவால் போட்டிருக்கிறார். கள்ள ஸ்டாம்பு வந்துவிடக் கூடாதே என்று போடச் சொன்ன கையெழுத்து அது. கவுன்ட்டரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே வாழ்ந்தவன் என்பதால், அந்தச் சிவப்புக் காகிதத்தைவிட அந்த எழுத்தரின் பேனாக் கோடுதான் என்னை அதிகம் தொடுகிறது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்பு கோடி ரூபாய்" செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி உண்மை. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தி ஸ்டாம்புகள் நான்கு வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சானவை. சாதாரணப் பத்து ரூபாய் காந்தி நல்ல விலை போகும், ஆனால் கோடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே ஸ்டாம்பின் மேல் 'சர்வீஸ்' என்று அச்சிட்டு கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் உபயோகத்துக்காக வெறும் நூறு செட் தயாரித்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் நம் ராஜாஜி. அதில் நான்கு பத்து ரூபாய் ஸ்டாம்புகள் ஒட்டினாற்போல் இருந்த ஒரு வரிசைதான் 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. சாதாரண ஸ்டாம்பின் மேல் 'சர்வீஸ்' என்று போலியாக அச்சடித்துக் கொண்டுவந்தவர்களை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இனி திருட்டு. உங்கள் படத்தில் வருகிற மாதிரிக் கொலை நடந்ததாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. 1892இல் பாரிஸில் ஒரு சேகரிப்பாளர் கொல்லப்பட்டார், வீட்டில் பணம் அப்படியே இருந்தது, 1851இல் ஹவாயில் வெளியான இரண்டு சென்ட் ஸ்டாம்பு மட்டும் காணவில்லை, கடைசியில் நண்பனே பிடிபட்டான் என்று போகும். எத்தனையோ கட்டுரைகளில் அச்சேறிய கதை. ஆனால் இதன் ஆதாரத்தைப் பலர் சந்தேகப்படுகிறார்கள். நானும் இதைக் கதை என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறேன். சினிமாக்காரர்களுக்கு விதை இங்கிருந்து கிடைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத திருட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் படத்துக்கான முழுப் பதிலும் அதற்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1918இல் அமெரிக்காவில் விமானத் தபாலுக்காக 24 சென்ட் ஸ்டாம்பு வெளியிட்டார்கள். இரண்டு வண்ணம், இரண்டு தடவை அச்சு. ஒரு தாள் தலைகீழாகப் போய்விட்டது, ஸ்டாம்பில் வரைந்திருந்த விமானம் கவிழ்ந்து பறக்கிறது. நூறு ஸ்டாம்பு கொண்ட அந்த ஒரே தாளை ஒருவர் அஞ்சலகத்தில் அதில் அச்சிட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு போனார். அது சில நாளில் யூஜின் கிளைன் என்ற வியாபாரியிடம் வந்து, அவரிடமிருந்து கர்னல் கிரீன் என்ற செல்வந்தருக்குப் போனது. தாளைப் பிரித்து விற்பதற்கு முன்னால் கிளைன் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு ஸ்டாம்பின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் ஒன்றிலிருந்து நூறு வரை எண் போட்டார்.

அந்த நூறில் நான்கு ஒட்டியிருந்த ஒரு கட்டம் எத்தல் மெக்காய் என்ற அம்மையாரிடம் இருந்தது. 1955இல் வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் நடந்த கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தபோது சட்டகத்திலிருந்தே களவு போனது. எடுத்தவனுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றுதான் பின்னால் நடந்ததை வைத்து நினைக்கிறேன். நான்கையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். சேர்ந்திருந்ததற்கு இருந்த கூடுதல் மதிப்பு அந்த நிமிடமே போயிற்று. அடையாளம் தெரியக் கூடாது என்று, ஸ்டாம்பின் ஓரத்தில் கிழிப்பதற்காகப் போட்ட துளைகளால் உண்டாகும் பற்களை மாற்றினார்கள், பின்னால் இருந்த பென்சில் எண்ணை அழித்தார்கள். அப்படியும் ஒன்று 1977இலும் இன்னொன்று எண்பதுகளின் தொடக்கத்திலும் பிடிபட்டன. மூன்றாவது 2016இல் வெளிப்பட்டது. அயர்லாந்துக்கார இளைஞர் ஒருவர், தாத்தா விட்டுச் சென்றது என்று நியூயார்க் ஏல நிறுவனத்திடம் கொண்டுபோனார். ஏலத்துக்கு வருவதற்கு முன்பே நிபுணர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மையார் 1980இல் இறப்பதற்கு முன்னரே உரிமையை அமெரிக்க ஸ்டாம்பு ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்டாம்பு அங்கே போனது, இளைஞருக்கு ஐம்பதாயிரம் டாலர் வெகுமதி கிடைத்தது. நான்காவது இன்னும் வரவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், ஒரு தாளில் உள்ள நூறு ஸ்டாம்பும் நூறு விதம். படம் சட்டத்துக்குள் அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு பல் சற்றுக் குட்டையாக இருக்கும், ஒரு மூலையில் மை கொஞ்சம் அதிகமாக ஏறியிருக்கும். விலை உயர்ந்த ஸ்டாம்புகளுக்குப் புகைப்படமும், யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறும் பதிவில் இருக்கும். அந்த வரலாறுதான் விலை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குபவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள நிபுணர் குழுவின் சான்றிதழைக் கேட்பார். சான்றிதழுக்கு அனுப்பினால் அதன் ஜாதகம் முழுதும் வெளியே வந்துவிடும். ஆகையால் படத்தின் கடைசிக் காட்சிதான் எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு அபூர்வமான ஸ்டாம்பைப் பெட்டி நிறையப் பணம் கொடுத்து வாங்குகிற வியாபாரிக்கு அதை மறுபடி விற்க ஆள் கிடையாது. திருடிப் பூட்டிவைத்து ரகசியமாக ரசிக்கிற கோடீஸ்வரர் இருப்பார் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்த சேகரிப்பாளர் ஒருவருக்குக்கூட அந்த மனசு இல்லை. நல்லதாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும்.

ஊறவைக்கிற காட்சி பாதி சரி. ஸ்டாம்பை நீரில் போட்டு உரிப்பது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வெந்நீரும் தேநீரும் நாசம். முத்திரை அடித்த ஸ்டாம்பை மீண்டும் உபயோகிப்பதைத் தடுக்க, நீர் பட்டாலே கரைகிற மையில் வேண்டுமென்றே அச்சடித்த காலம் உண்டு. 1883இல் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சை ஸ்டாம்புகள் அந்த வகை. நீரில் போட்டால் நிறம் போகும், நிறம் போனால் விலை போகும். உபயோகிக்காத ஸ்டாம்பாக இருந்தால் பின்னால் உள்ள கோந்து கரைந்து, ஒரே நிமிடத்தில் மதிப்பில் பெரும்பங்கு கோப்பைக்குள் போய்விடும். இன்னொரு ஸ்டாம்புக்கு அடியில் ஒட்டித் தபாலில் போட்டதைப் பார்த்திருந்தால் எனக்கு வயிறு கலங்கியிருக்கும். முத்திரை அடிப்பவர் கை எவ்வளவு பலமாக விழும் என்று எனக்குத் தெரியும். ஒரு பையில் நூற்றுக்கணக்கான கடிதம், அடிக்கு அடி மேசை அதிரும். ஆனால் கடிதம் தன் வீட்டுக்கு வந்து சேரும் என்று அந்தத் திருடன் நம்பினானே, அது சரியான நம்பிக்கை.

படம் எடுத்தவர்கள் ஏன் ஸ்டாம்பைப் பிடித்தார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. பெரிய படத்துக்குத் துணையாக ஓட்டவென்று சில வாரங்களில் எடுத்து முடித்த குறைந்த செலவுப் படங்கள் இவை. வைரம் என்றால் மின்ன வேண்டும், வங்கி என்றால் கட்டடம் வேண்டும். ஸ்டாம்புக்கு ஒரு மேசை விளக்கும் பூதக்கண்ணாடியும் போதும், மீதியை நடிகரின் முகம் பார்த்துக்கொள்ளும். சின்ன வயதில் மினர்வா தியேட்டரில் இப்படிப்பட்ட ஆங்கிலப் படங்களை அண்ணனோடு பார்த்திருக்கிறேன். ஜெய்சங்கர் துப்பறிகிற சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களிலும் அந்தச் சிக்கனம்தான் படத்துக்கு வேகத்தைக் கொடுக்கும். அந்தச் சாமர்த்தியத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் படம் காட்டாத ஒன்றை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நிஜத்தில் களவு போவது உலகப் புகழ் பெற்ற ஸ்டாம்பு அல்ல. புகைப்படமோ பட்டியலோ இல்லாத நடுத்தர வீட்டு ஆல்பம்தான். மண்ணடியில் ஒரு பெரியவர் இருந்தார். குடும்பம் ரங்கூனில் வியாபாரம் செய்து திரும்பியது. பர்மா 1937 வரை இந்தியாவோடு இருந்ததால் அங்கும் இந்திய ஸ்டாம்புதான். அந்த வருடம் ஏப்ரலில் பிரிந்ததும் நம் ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்பின் மேலேயே 'பர்மா' என்று அச்சிட்டு விற்றார்கள். 1942இல் ஜப்பானியர் வந்த பிறகு அவற்றின் மேல் மயில் உருவம் ஏறியது. பெரியவரிடம் இவையெல்லாம் இருந்தன. அதைவிட முக்கியமாக, ரங்கூனிலிருந்து மண்ணடிக்கு வந்த முழு உறைகள், முகவரியும் முத்திரையுமாக முப்பது நாற்பது இருந்தன. தன் தனி ஸ்டாம்பு ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் தமிழ் எண் எழுதுவார். ௧, ௨, ௩ என்று. கிளைனைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவருடைய அப்பா கணக்குப் புத்தகத்தில் எழுதிய வழக்கம் அது.

ஒரு பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஆல்பம் காணாமல் போனது. கவுன்ட்டருக்கு வந்து, வார்த்தை வராமல் நின்றார். மூன்று மாதம் கழித்துப் பாரிமுனைப் பக்கம் ஒரு சில்லறை வியாபாரி, மொத்தமாக அறுநூறு ரூபாய்க்கு வந்ததென்று பிளாஸ்டிக் பை நிறைய ஸ்டாம்பை என்னிடம் தரம் பார்க்கக் கொடுத்தார். ஒன்றைத் திருப்பினேன். மங்கலாக ௧௭. இன்னொன்று, ௪௨. எல்லாவற்றையும் நீரில் ஊறப்போட்டிருந்தார்கள். முத்திரை விழுந்த ஸ்டாம்புகளில் பென்சில் கரி நின்றிருந்தது. புதிய ஸ்டாம்புகளில் கோந்தோடு எண்ணும் போய்விட்டது. வியாபாரி நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார், எண் இருந்தவை பெரியவரிடம் திரும்பின. உறைகள் திரும்பவில்லை. ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ரங்கூன் முத்திரை, தேதி, பெரியவரின் தாத்தா பெயர் எழுதிய முகவரி எல்லாம் போயின. அந்த மொத்தத்தில் விலையுள்ளவை அந்த உறைகள்தான் என்று எடுத்தவனுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை, ஆனால் அடிப்படை தெளிவானது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 317. தெரியாமல் வாங்கியவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் பொதுவாகப் பொருளும் அவருடையது ஆகாது. திருடனிடம் இல்லாத உரிமையை அவன் யாருக்கும் விற்க முடியாது. அறுநூறு ரூபாயை இழந்தது அந்த வியாபாரிதான்.

இப்போது உங்கள் பரணுக்கு வருகிறேன். ஆல்பத்தின் விலையை நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். படம் எடுத்து அனுப்பினாலும் முன்பக்கத்தைத்தான் காண்பேன். காகிதத்தின் கனம், காகிதத்துக்குள்ளேயே மங்கலாகத் தெரியும் நீர்க்குறி, பல் எண்ணிக்கை, கோந்து ஆகியவற்றைக் கையில் வைத்துப் பார்க்காமல் உறுதி சொல்பவரை நம்பாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆல்பங்களில் பெரிய தொகை இருக்காது என்பது என் அனுபவம். ஆனால் துறைமுகத்து ஆள் சேர்த்தது என்பதால் கப்பல் முத்திரை விழுந்த உறைகள் இருக்கக்கூடும். ஒரு ஸ்டாம்பைக்கூட உறையிலிருந்து வெட்டாதீர்கள், உரிக்காதீர்கள். உப்புக் காற்றில் கோந்து இளகிப் பக்கங்கள் ஒட்டியிருந்தால் பலமாகப் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்து வையுங்கள். பழுப்புப் புள்ளி விழுந்தவற்றைத் தனியாக வையுங்கள். விரலால் தொடாமல் பல் இல்லாத தட்டை இடுக்கியால் எடுங்கள், மெடிக்கல் ஷாப் இடுக்கி வேண்டாம், முனை குத்தும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தானாகக் கழன்றிருக்கும் ஸ்டாம்புகளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். தாத்தா அங்கே ஏதாவது எழுதியிருந்தால், தேதியோ கப்பல் பெயரோ, அழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். விற்கத் தோன்றினால் ஒரே ஆளிடம் காட்டி முடிவெடுக்காமல், சேகரிப்பாளர்கள் கூடுகிற இடத்தில் மூன்று பேரிடமாவது காட்டுங்கள். ஆல்பத்தை ஒரு ராத்திரிக்குக்கூட யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் தடவை பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன் மேல் வைத்துப் பிரியுங்கள்.